பனிக்காலத் தீனியும் பாலர் அறிவியலும்

1979ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் தன் சிறுவர் பிரிவுக்கு எளிய வேலை ஒன்றைக் கொடுத்தது. தோட்டத்துக்கு வரும் பறவைகளை ஒரு மணி நேரம் பார்த்து, எண்ணி, எழுதி அனுப்ப வேண்டும். பிபிசியின் 'புளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சியிலும் இதைப் பற்றிச் சொன்னார்கள். சில நூறு கடிதங்கள் வந்தால் பெரிது என்று சங்கம் நினைத்திருக்க, 34,000 படிவங்கள் வந்து குவிந்தன. பெரியவர்கள் இந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்தது 2001இல்தான். இன்று ஆண்டுதோறும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். பிரிட்டனின் தோட்டப் பறவைகளைப் பற்றிய மிக நீண்ட பதிவுகளில் ஒன்று இப்படிப் பிள்ளைகளின் கையெழுத்தில்தான் தொடங்கியது.

குளிர் மிகுந்த நாடுகளின் பாலர் பள்ளிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் பனிக்காலம் வந்தால் தீனி தொங்கவிடுவதும், முள்ளெலிக்குச் சருகு குவிப்பதும், பூச்சிகளுக்கு மூங்கில் குழல் கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கம் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. ஒன்று, இதனால் காட்டுயிர்களுக்கு நன்மை உண்டு. மற்றொன்று, இதனால் குழந்தைகள் அறிவியல் கற்கிறார்கள். இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை இருப்பது தெரியவரும்: உதவி செய்த பிறகு என்ன நடந்தது என்று குழந்தை பார்த்தாக வேண்டும்.

குளிர் என்ன செய்கிறது?

லண்டனில் டிசம்பர் மாதப் பகல் சுமார் எட்டு மணி நேரம்தான். இரவு பதினாறு மணி நேரம். நீலப் பட்டாணிக்குருவியின் எடை சுமார் 11 கிராம். அந்தச் சிற்றுடல் பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் இரவு முழுவதும் சூட்டைக் காக்க வேண்டும். கடுங்குளிர் இரவு ஒன்றில் சிறு பறவைகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். விடிந்ததும் இரை கிடைக்காவிட்டால் அடுத்த இரவைத் தாண்டுவது அரிது.

உடல் சிறுத்தால் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு வழியாகத்தான் சூடு வெளியேறும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைச் சூத்திரமாகச் சொல்லத் தேவையில்லை. ஒரே சூட்டிலுள்ள வெந்நீரைச் சின்னக் குப்பி ஒன்றிலும் பெரிய குப்பி ஒன்றிலும் ஊற்றி முற்றத்தில் வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாலே எது முதலில் ஆறுகிறது என்று தெரியும். இன்னொரு சின்னக் குப்பியைப் பஞ்சால் சுற்றி வைத்தால், குளிரில் பறவை ஏன் இறகுகளைப் புசுபுசுவென்று உப்பிக்கொள்கிறது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பறவைகள் தமக்குத்தாமே செய்துகொள்ளும் ஏற்பாடுகளும் வியப்பானவை. ரென் எனும் குட்டிப் பறவை வழக்கமாகத் தனித்தே திரியும். கடுங்குளிரில் மட்டும் கூட்டமாக ஒண்டித் தூங்கும். 1969இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென்கள் இருந்தது பதிவாகியிருக்கிறது. வட அமெரிக்காவின் கருந்தலைச் சிக்கடி இரவில் தன் உடல்வெப்பத்தைப் பல டிகிரி தணித்துக்கொண்டு கொழுப்பை மிச்சப்படுத்துகிறது. பகலில் விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துவைத்து, இடம் மறவாமல் எடுத்துத் தின்கிறது. ஐரோப்பிய முள்ளெலி உறக்கத்தில் ஆழ்ந்து, நிமிடத்துக்கு 190 அளவில் துடிக்கும் இதயத்தை 20 அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. இவற்றை அறிந்த குழந்தை, பனிக்காலத்தில் உயிர்கள் வெறுமனே தவிப்பதில்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்கிறது. அந்த வழிக்குக் குறுக்கே நிற்காத உதவிதான் உதவி.

சிறு கைகள் செய்யக்கூடியவை

தீனி வைப்பது பழைய வழக்கம். நார்வேயில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டைக் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்கு விடுவது இன்றும் நடக்கிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் பிள்ளைகள் பெரிதும் விரும்பிச் செய்வது கொழுப்புத் தீனி. உப்பில்லாத கொழுப்பில் சூரியகாந்தி விதையும் ஓட்ஸும் பிசைந்து, தேங்காய்ச் சிரட்டையிலோ பைன் காயின் செதில்களிலோ அப்பித் தொங்கவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தையின் விரலுக்கும் இந்த வேலை எட்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கடலையைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

தண்ணீரும் தீனி அளவுக்கு முக்கியம். உறைபனியில் குட்டை குளங்கள் மூடிக்கொண்டால் குடிக்கவும் குளிக்கவும் நீர் இருக்காது. குளிக்காத பறவையின் இறகு அழுக்கேறிச் சூடு காக்காது. ஆழமில்லாத தட்டில் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுவதும், அதில் சின்னப் பந்து ஒன்றை மிதக்கவிட்டு நீர் சீக்கிரம் உறையாமல் பார்ப்பதும் குழந்தைகளின் பொறுப்பாகலாம். உறைவதைத் தடுக்க உப்புப் போடக்கூடாது.

பல நேரங்களில் எதையும் செய்யாமல் விடுவதே நல்ல உதவி. உலர்ந்த செடித்தண்டுகளை வெட்டாமல் விட்டால் பொறிவண்டுகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும். மூலையில் கூட்டித் தள்ளிய சருகு முள்ளெலிக்கு வீடாகும். பம்பிள் தேனீக்களில் இளம் ராணி மட்டும் மண்ணுக்குள் உறங்கி வசந்தம் வரை பிழைத்திருக்கும். அந்த மண்ணைக் கிளறாமல் இருக்க வேண்டும். 'இந்த மூலையைத் தொடாதே' என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதி நட்டுவைக்கும் பலகை, வாழிடம் என்றால் என்ன என்பதற்கு அவர்கள் எழுதிய முதல் வரையறை.

உதவி எப்போது அறிவியல் ஆகிறது?

சிரட்டையில் கொழுப்பு அப்பித் தொங்கவிட்டுவிட்டு வகுப்புக்குள் போய்விட்டால் அது கைவேலை. நல்ல கைவேலைதான், அறிவியல் அதற்கடுத்த பத்து நிமிடத்தில் தொடங்குகிறது.

சூரியகாந்தி விதை வைத்த தீனிக்குழல் ஒன்றைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, பிள்ளைகளைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். நீலப் பட்டாணிக்குருவி வரும். ஒரு விதையைக் கவ்வும். உடனே பக்கத்துக் கிளைக்குப் பறந்துவிடும். அங்கே விதையைக் காலடியில் அழுத்திப் பிடித்து, அலகால் கொத்தி உடைத்து, பருப்பைத் தின்னும். பிறகு மறுபடி வரும். பச்சைப்பிஞ்ச் எனும் தடித்த அலகுப் பறவையோ வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். விதையை அலகுக்குள்ளேயே உருட்டித் தோலை உதிர்த்துவிட்டு அடுத்த விதைக்குப் போகும். 'அது ஏன் ஓடுது, இது ஏன் ஓடல?' என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அலகின் வடிவம், இரை, நடத்தை என்ற மூன்று பாடங்களுக்கும் கதவு திறந்துவிட்டது.

எண்ணுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கெடுப்பின் விதிப்படி, ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை முறை பறவை வந்தது என்று கூட்டக்கூடாது. ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். ராபின் பத்து முறை வந்தது என்று சொல்லும் குழந்தையிடம், 'பத்து ராபினா, ஒரே ராபின் பத்து தடவையா, எப்படித் தெரியும்?' என்று கேட்டால் அது திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பிலிருந்துதான் விதியின் காரணம் அதற்குப் புரியும். எதுவும் வராத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதும் இப்படித்தான். பூஜ்யமும் ஒரு தகவல் என்பதை ஆறு வயதில் உணர்வது, தரவுகளை நேர்மையாகக் கையாளுவதற்கான முதல் படி.

வயதுக்கேற்ப வேலையைப் பகிரலாம். மூன்று, நான்கு வயதில் பெயர் சொல்லி, வரும் பறவைக்கு ஒரு கோடு போட்டால் போதும். ஐந்து, ஆறு வயதில் 'நாளை எது முதலில் காலியாகும்?' என்று ஊகித்துப் பார்க்கலாம். ஏழு, எட்டு வயதில், தீனியை மட்டும் மாற்றி இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்து, நியாயமான சோதனை என்றால் என்ன என்று கற்கலாம். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் முதல் வகுப்பிலேயே நான்கு பருவங்களையும் பகல் நீளத்தையும் கவனிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகளும் மழலையர் வகுப்பிலேயே, விலங்கு உயிர்வாழ என்ன தேவை என்ற கேள்வியை வைக்கின்றன. பனிக்காலத் தீனிக்குழல் இந்த இரண்டுக்கும் நேரான விடை.

கற்றல் பற்றிய ஆய்வுகள்

அக்கறையோடு பேணிய உயிரிடமிருந்து குழந்தைகள் எவ்வளவு கற்கின்றன என்பதற்கு ஜப்பானில் நல்ல சான்று கிடைத்தது. கயோகோ இனகாகி 1990இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகளையும் வளர்க்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார். வளர்த்தவர்களுக்கு மீனைப் பற்றி அதிகம் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. வளர்த்துப் பழகாத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், மீனிடம் கண்டதை வைத்து அவர்கள் பொருத்தமாக ஊகித்தார்கள். ஓர் உயிரை நெருங்கி அறிவது இன்னோர் உயிரை யோசிக்கவும் கருவியாகிறது.

தொட்டி மீனுக்குப் பொருந்துவது வெளியில் பறக்கும் பறவைக்கும் பொருந்துமா? 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குழந்தைகள் வீட்டிலிருந்தே பத்து வாரம் காட்டுப் பறவைகளுக்குத் தீனி வைக்கும் திட்டத்தின் கல்விப் பயனை ஆராய்ந்தார்கள். பறவைகளைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. 2018இல் இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில், ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் தீனி வைத்துப் பறவைகளைக் கவனித்த திட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிலும் அறிவும் அக்கறையும் உயர்ந்தன.

இதன் தேவையை உணர 2002இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பைப் பார்த்தால் போதும். எட்டு வயதைத் தொட்ட பிரிட்டிஷ் பிள்ளைகள் போக்கிமான் பாத்திரங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அடையாளம் கண்டார்கள். தங்கள் ஊரின் சாதாரண உயிரினங்களில் ஏறக்குறைய பாதியை மட்டுமே அடையாளம் கண்டார்கள். நூறு பெயர்களை நினைவில் வைக்கும் ஆற்றல் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. பறவையைக் காட்டிப் பெயர் சொல்ல ஆள் இல்லை.

இந்த ஆய்வுகள் எல்லாம் குறுகிய கால அளவில் நடந்தவை. அதனால் ஒரு முடிவை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: தொடர் கவனிப்பு இருந்த இடத்தில் பிள்ளைகளின் அறிவு கூடியிருக்கிறது.

பறவைக்குப் பயன் உண்டா?

விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில் பல குழந்தைகள் கேட்பது இதுதான்: 'நாம இல்லாட்டி பறவை செத்துப் போயிடுமா?' இது வெறும் பாசக் கேள்வி அல்ல. அறிவியலாளர்கள் பல ஆண்டு உழைத்து விடை தேடிய கேள்வி.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிரிட்டிங்ஹாம், டெம்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் கருந்தலைச் சிக்கடிகளுக்குக் கால்வளையம் இட்டுக் கண்காணித்தார்கள். 1988இல் வெளியான முடிவுப்படி, தீனி கிடைத்த பறவைகளில் 69 விழுக்காடு பனிக்காலத்தைத் தாண்டின. தீனி கிடைக்காதவற்றில் தாண்டியவை 37 விழுக்காடுதான். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது, வெப்பம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன நாட்கள் ஐந்துக்கு மேல் இருந்த மாதங்களில் மட்டுமே. பிறகு அவர்கள் 25 ஆண்டுகளாகத் தீனி வைத்திருந்த இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். பறவைகளின் பிழைப்பு குறையவில்லை. தீனி இருந்த காலத்திலும் அன்றாட ஆற்றலில் சுமார் 21 விழுக்காட்டை மட்டுமே அவை அதிலிருந்து பெற்றன. மற்றதைக் காட்டிலேயே தேடிக்கொண்டன. ஆகவே குழந்தைக்கு நேர்மையாகவே சொல்லலாம்: 'நீ வைக்கும் தீனி கடுங்குளிரில் உயிர் காக்கும். நீ இல்லாவிட்டாலும் அதற்கு வாழத் தெரியும்.'

பிள்ளைகளும் பெரியவர்களும் எண்ணிக் குவித்த கணக்குகள் இன்னொரு வகையில் உதவியிருக்கின்றன. 1979இல் பிரிட்டிஷ் தோட்டம் ஒன்றுக்குச் சராசரியாகப் பத்துச் சிட்டுக்குருவிகள் இருந்தன. பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஸ்டார்லிங் எனும் பறவையின் எண்ணிக்கை ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' திட்டத்தில் வீட்டுச் சன்னலிலிருந்து எண்ணுபவர்கள்தான், 1994 பனிக்காலத்தில் வாஷிங்டன் பகுதிப் பறவைகளின் கண் வீங்கியிருப்பதை முதலில் கவனித்துச் சொன்னார்கள். ஹவுஸ் பிஞ்ச் எனும் பறவையைத் தாக்கிய அந்தக் கிருமி கோழிகளிடம் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்று பின்னர் தெரிந்தது.

தீனியே தீங்காகும் இடம்

இந்தப் பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பலர் மேலோட்டமாகக் கடந்துபோகும் பகுதி இது, கடக்கக்கூடாது. பிரிட்டனில் பச்சைப்பிஞ்சுகளிடையே டிரைக்கோமோனோசிஸ் எனும் தொண்டை நோய் 2005இல் தென்பட்டது, 2006இல் கொள்ளைநோயானது. 2009க்குள் அந்தப் பறவையின் எண்ணிக்கை சுமார் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தது. 2021இல் அது பிரிட்டனின் பாதுகாப்புக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. நோய்க்கிருமி எச்சில் வழியே, ஈரத் தீனியிலும் தண்ணீரிலும் பரவுகிறது. தட்டில் உட்கார்ந்து நெடுநேரம் தின்னும் பழக்கம் பச்சைப்பிஞ்சுக்கு வினையானது. சன்னலோரத்தில் குழந்தை கேட்ட 'இது ஏன் ஓடல?' என்ற கேள்விக்கு இந்த வேதனையான தொடர்ச்சியும் உண்டு. அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 2025 தொடக்கத்தில் தட்டையான தீனி மேடைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது.

வேறு கேள்விகளும் எழுந்துள்ளன. தீனியால் பெருகும் துடுக்கான பட்டாணிக்குருவிகள், தீனிக்கு வராத கூச்சமுள்ள இனங்களை நெருக்குகின்றனவா என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பறவைகளின் உடலையே தீனி மாற்றுகிறதா என்ற ஆய்வும் நடக்கிறது: ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டுப் பட்டாணிக்குருவிகளின் அலகு, நெதர்லாந்துப் பறவைகளின் அலகைவிட நீண்டிருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது, தோட்டத் தீனி ஒரு காரணமாகலாம் என்று அது கருதுகிறது.

இவற்றால் தீனி வைப்பதைக் கைவிடத் தேவையில்லை. ஒழுங்கோடு செய்யத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, இடத்தையும் மாற்ற வேண்டும். ஒருநாளில் தீரும் அளவுக்கே தீனி வைக்க வேண்டும். உப்பு, பூஞ்சை பிடித்த ரொட்டி, சமைத்த எண்ணெய், காய்ந்த தேங்காய்த் துருவல், பால் எதுவும் ஆகாது. முள்ளெலிக்கும் பால் கூடாது. சன்னல் கண்ணாடியில் மோதாமலிருக்க, தீனிக்குழல் ஒரு மீட்டருக்குள்ளேயோ ஒன்பது மீட்டருக்கு அப்பாலோ இருக்கட்டும். குழந்தைகள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயுற்ற பறவை ஒன்று தென்பட்டால் உடனே தீனியை நிறுத்திவிட வேண்டும். நாம் செய்த நல்லது கெடுதலாகலாம், அப்படியானால் வழியை மாற்ற வேண்டும் என்பதை ஏழு வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். பெரியவர்கள் மறைக்காமல் சொன்னால் போதும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் லண்டனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேற்சொன்னவை எல்லாம் வீட்டுச் சன்னலிலேயே நடப்பவை. சிக்கடியின் பெயரைத் தாத்தா பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் மார்கழியும் தையும் வேறு மாதிரி. இங்கே பனியில் பட்டினி கிடக்கும் பறவை இல்லை. பழுப்புக் கீச்சானும் நீலவால் பஞ்சுருட்டானும் சாம்பல் வாலாட்டியும் வடக்கிலிருந்து இங்கே வந்து தங்குவதே நம் பூச்சிகளையும் நீர்நிலைகளையும் நம்பித்தான். எனவே இங்கே உதவி என்பது குளத்தங்கரையில் குப்பை கொட்டாமலும், நீர்ப்பறவைகள் தங்கும் ஏரிக்கரையில் பட்டாசு வெடிக்காமலும் இருப்பதுதான். கண்ணும் குறிப்பேடும் இங்கும் அதே பயனைத் தரும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் சேரலாம். பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கும் வீடுகளில், மஞ்சள் இலையில் வைத்த சோற்றுக்கு எந்தப் பறவை முதலில் வந்தது, எத்தனை ஒரே சமயத்தில் வந்தன, வெள்ளைச் சோறா மஞ்சள் சோறா முதலில் போயிற்று என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். சடங்குக்கு அதனால் ஒரு குறையும் வராது.

முடிவாக

பனிக்காலத்தில் காட்டுயிர்களுக்கு உதவுவது சிறு குழந்தைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் மிகச் சிறந்த வழிகளில் ஒன்று. செலவு குறைவு, சிறு விரல்களுக்கும் எட்டுவது, விடை தெரியாத உண்மையான கேள்விகள் நிறைந்தது. கடுங்குளிரில் அதனால் பறவை பிழைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஆனால் கவனிப்பும் சுத்தமும் இல்லாத தீனி, பிள்ளைக்குப் பாடமாகாமல் போவதோடு பறவைக்கு நோயாகவும் முடியலாம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தீனி வாங்கும் அன்றே ஒரு குறிப்பேடும் கழுவுவதற்கு ஒரு பிரஷும் வாங்குங்கள். குறிப்பேட்டையும் பிரஷையும் பயன்படுத்த நேரம் இல்லையென்றால் தீனியை வைக்காதீர்கள். சருகை மட்டும் கூட்டாமல் விட்டுவிடுங்கள்.